சேரைப் பார்க்கப் போனது: திருகோணமலையில் நான்கு நாள்

ஜூலை 8, செவ்வாய்

கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றபோது விழித்தவன், பிறகு தூங்கவில்லை. கந்தளாய் தாண்டியதும் ஜன்னலால் ஒரு காய்ந்த சூடு அடித்தது. விடிந்தும் விடியாத நேரத்திலேயே அப்படி. ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் கச்சான் காற்று, முகமெல்லாம் மண். ஆனி மாதத்துத் திருகோணமலை இப்படித்தான் இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

வந்த காரியத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பத்தாம் தேதி பௌர்ணமி. இந்தியாவில் பலர் அதைக் குரு பூர்ணிமா என்று கொண்டாடுகிறார்கள்; வியாசருக்குப் பூசை செய்யும் நாள். இலங்கையில் அதே நாள் எசல போயா; ஞானம் பெற்ற புத்தர் முதன்முதலாக வாய் திறந்து போதித்த நாள். ஒரே நிலவுக்கு இரண்டு குருமார். இதைப் பார்த்து எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்குத் தமிழும் சைவசமயமும் படிப்பித்த சேர் இங்கே இருக்கிறார். முப்பத்திரண்டு வருடமாக அவரைப் பார்க்கப் போகவில்லை. போகாததற்குக் காரணம் தூரமில்லை, யுத்தமும் இல்லை. பிறகு சொல்கிறேன்.

பகல் முழுக்க அறையில் தூங்கினேன். பின்னேரம் நடந்தபோது இந்துக் கல்லூரிப் பக்கம் போய் நின்றேன். நான் படித்தது வேறு பள்ளிக்கூடம். ஆனாலும் இந்த வாசலில் நின்றால் விபுலாநந்தர் ஞாபகம் வரும். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், சயன்ஸ் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னை ராமகிருஷ்ண மடத்தில் சிவானந்தரிடம் துறவு வாங்கி சுவாமி விபுலாநந்தர் ஆனார். ஊர் திரும்பிய பிறகு மிஷன் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தார். அதில் ஒன்று இது. காவி உடுத்த பிறகும் சோக்கட்டியைக் கீழே வைக்காத மனிதர். பின்னாளில் அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். வருகிற 19ஆம் தேதி அவர் மறைந்த நாள். மட்டக்களப்பில் யாரைக் கேட்டாலும் தேதி சொல்வார்கள்.

ராச் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும். சேரின் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் கோணேசர் கோயில். பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே போக வேண்டும். அன்றும் இன்றும் உள்ளே இராணுவம். ரோட்டோரத்தில் புள்ளிமான்கள், யார் வந்தாலென்ன என்று படுத்திருந்தன. ஒன்று ஒரு பிள்ளையின் கையிலிருந்த வாழைப்பழத் தோலை வாங்கித் தின்றது. மலைக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. விக்கிரகங்கள் தப்பித் தம்பலகாமம் போன கதை, 1956இல் கடலடியிலிருந்து லிங்கம் எடுத்த கதை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போதிருக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல்.

பூசை முடிவில் பஞ்சபுராணம், தேவாரம் முதலான ஐந்து பாட்டுகள், ஓதினார்கள். தேவாரத்துக்கு வேறெதை எடுப்பார்கள்? சம்பந்தருடைய 'நிரைகழல் அரவம்' தான். பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று வந்து முடியும்போது கீழே கடல் பாறையில் மோதும் சத்தம். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்காதவனுக்கு அந்தப் பதிகம் பாதிதான் கேட்டிருக்கும் என்பது என் கட்சி. வேடிக்கை என்னவென்றால், பாடினவர் இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. இராமேசுவரத்தில் நின்று கடலுக்கு இந்தப் பக்கம் பார்த்துப் பாடினதாகத்தான் பெரியபுராணம் சொல்கிறது.

குரு பூர்ணிமாவுக்கு ஏதும் விசேஷம் உண்டா என்று பிரசாதம் வாங்கும் இடத்தில் ஒரு ஐயாவைக் கேட்டேன். "அது வடக்கத்தியார் வழக்கம் தம்பி, எங்களுக்குக் குருபூசைதான்" என்றார். சரியான பதில். நம்மூர்ச் சைவர்களுக்குக் குருமாரெல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள் என்ற கணக்குக் கிடையாது. ஒவ்வொருவரும் சிவனடி சேர்ந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்து ஒவ்வொரு நாள். அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம். அது முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, இனித்தான். ஆறுமுக நாவலருக்குக் கார்த்திகை மகம். பிறந்த நாளை யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் குருபூசை என்றால் எங்களுக்கு அவலும் கடலையும். நாயன்மார் அறுபத்துமூன்று பேருக்கும் தனித்தனியாகக் கொண்டாடினால் என்ன என்று ஒருவன் சேரிடம் மனுக் கொடுத்ததும் உண்டு. நான் இல்லை.

இன்னொன்று. நாளைக்கு வியாழக்கிழமையில் பௌர்ணமி வருவதால் தட்சிணாமூர்த்திக்குக் கடலை மாலை போட ஆட்கள் இப்போதே சொல்லி வைக்கிறார்கள். வியாழன் நவக்கிரகத்துக் குரு. கல்லால மரத்தின் கீழ் சனகர் முதலான நால்வருக்குப் பேசாமல் பாடம் சொன்ன தட்சிணாமூர்த்தி வேறு. இரண்டையும் குழப்பாதே என்று சேர் தலையில் குட்டிச் சொல்வார். ஊர் குழப்பிக்கொண்டேதான் இருக்கிறது. பேசாமல் படிப்பித்தவருக்கு இது ஒரு பொருட்டா என்றும் தோன்றியது.

சரி, அந்தக் காரணம். சம்பந்தர் பதிகத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அநேகமாக எந்தப் பதிகமானாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாம் பாட்டில் பிரமாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடுவார்கள், பத்தாம் பாட்டில் சமணருக்கும் பௌத்தருக்கும் விழும். கோணமலைப் பதிகத்திலும் அப்படியே. 1993இல் ஒரு நாள் சேர் பத்தாம் பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "சேர், தேரர் எண்டால் பன்சலையில இருக்கிற ஹாமுதுருதானே? அவரை ஏன் சம்பந்தர் ஏசுறார்?" என்று கேட்டேன். பன்சலை என்றால் பௌத்த விகாரை, ஹாமுதுரு அங்கிருக்கும் பிக்கு. குறும்புக்குக் கேட்டதில்லை. அந்த வருடம்தான் எங்கள் அம்மாவின் வயிற்றுவலிக்கு அந்தப் பன்சலைத் தேரர் ஒரு கசாயம் கொடுத்திருந்தார். சேர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் வாசலைக் காட்டினார். இரண்டு பாடம் முடியும்வரை வெயிலில் நின்றேன்.

மறுநாள் அவர் வகுப்புக்குள் வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டோம்.

ஜூலை 10, வியாழன். போயா

சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டு. காலை ஏழு மணிக்கே வெள்ளை உடுத்து, கையில் பூத்தட்டோடு சிங்களக் குடும்பங்கள் நடந்து போய்க்கொண்டிருந்தன. நான் ஆட்டோ பிடித்தேன். ஓட்டினவர் கிண்ணியாக்காரர், என்னைவிட மூத்தவர். நானா என்றுதான் கூப்பிட்டேன். வெல்கம் விகாரை என்றதும், "பெரியகுளம் நாதனார் கோயிலா?" என்று கேட்டார். பழைய தமிழ்ப் பெயர் ஒரு முஸ்லிம் வாயில் பத்திரமாக இருக்கிறது.

போகும் வழியில் கன்னியா. ஏழு கிணறுகளும் இருக்கின்றன, ஏழும் ஏழு சூடு. ஆடி அமாவாசைக்கு இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் கூட்டமில்லை. யாருடைய இடம் என்ற வழக்கும் வாக்குவாதமும் அங்கே தண்ணீரைவிடச் சூடு. இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெல்கம் விகாரை காட்டுக்குள் செங்கல் அத்திவாரங்களாகக் கிடக்கிறது. நடுவில் நின்ற கோலத்தில் கல்லில் ஒரு புத்தர். சோழர் வருவதற்கு முன்பிருந்தே உள்ள விகாரை. சோழர் வந்தார்கள், இடிக்கவில்லை. இராஜராஜப் பெரும்பள்ளி என்று தங்கள் ராஜாவின் பெயரை வைத்தார்கள். ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் தமிழர்கள் புத்தருக்கு விளக்கெரிக்கக் கொடை கொடுத்ததைத் தமிழிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பௌத்தம் என்றால் மணிமேகலையோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து நிற்க வேண்டும். அதே பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர், அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவலோகிதர் என்கிறார். அவலோகிதர் ஒரு போதிசத்துவர். சைவர்கள் சிவனென்றும் முருகனென்றும் சொல்லிக்கொண்டிருக்க, பௌத்தர்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தமிழுக்கு ஆசிரியர் யாரென்று சண்டை பிடித்தாலும், மாணவன் அகத்தியர்தான் என்பதில் இரண்டு பக்கமும் ஒற்றுமை.

பெரும்பள்ளி என்ற பெயரை நானாவிடம் சொன்னேன். "பள்ளியா? எங்கட பள்ளி போலவா?" என்றார். அதே சொல்தான். பௌத்தர் இருந்ததும் பள்ளி, பிள்ளைகள் படிப்பதும் பள்ளி, அவர் தொழுவதும் பள்ளி. "எனக்கு ஓதித் தந்த லெப்பை இப்பவும் இருக்கார். ரோட்டில கண்டா ஆட்டோவ விட்டு இறங்கிடுவன். ஹயர் இருந்தாலும் இறங்குவன்" என்றார். "ஹயர்காரர் ஏசமாட்டாரா?" என்றேன். "ஏசுவார்" என்று சிரித்தார்.

மரத்தடியில் பாய் விரித்து, சில் என்கிற போயா விரதம் எடுத்தவர்கள் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். தேரருக்கு மட்டும் உயரமான ஆசனம், அதன்மேல் வெள்ளைத் துணி. 'பண' என்கிற பௌத்த உபதேசத்தைச் சொல்லும்படி வெற்றிலை கொடுத்துக் கேட்ட பிறகுதான் அவர் ஆரம்பிக்கிறார். கேட்காமல் சொல்வதில்லை என்பது ஒரு முறை. புத்தரே ஞானம் பெற்றதும் இதை யாருக்கு விளங்கப்போகிறது என்று தயங்கினாராம். பிரமா வந்து கும்பிட்டுக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார். நம்முடைய ஒன்பதாம் பாட்டில் முடி காணாமல் அலையும் அதே பிரமா.

கொழும்பில் இத்தனை வருடம் இருந்ததில் சிங்களம் ஓடும். தேரர் சொன்னது எசல போயாவின் கதை. எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் ஒரு பகுதியை இதுவரை கவனித்துக் கேட்டதில்லை. சித்தார்த்தரோடு கடுந்தவம் இருந்த ஐந்து பேர், கொண்டஞ்ஞரும் மற்ற நால்வரும், அவர் பட்டினியை விட்டுச் சாப்பிடத் தொடங்கியதும் வெறுத்துப்போய் விலகிவிட்டார்கள். பிறகு அவர் ஞானம் பெற்று அவர்களைத் தேடி இசிபதனத்துக்கு வருகிறார். மிகதாய, மான்கள் பயமில்லாமல் உலவும் சோலை. (எனக்கு நேற்றைய வாழைப்பழத் தோல் ஞாபகம் வந்தது.) தூரத்தில் வருவதைக் கண்டதும் ஐவரும் தங்களுக்குள் கட்டுப்பாடு போடுகிறார்கள்: சுகத்துக்குத் திரும்பினவன் வருகிறான், எவனும் எழும்பக்கூடாது, கும்பிடக்கூடாது, பாத்திரத்தை வாங்கக்கூடாது. ஆசனம் ஒன்று கிடக்கட்டும், வேண்டுமென்றால் இருக்கட்டும்.

அவர் கிட்ட வர வர அவர்களால் இருக்க முடியவில்லை. ஒருவர் போய்ப் பாத்திரத்தை வாங்கிவிட்டார். ஒருவர் ஆசனத்தைப் போட்டார். இன்னொருவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் இன்னும் ஒரு வார்த்தை போதிக்கவில்லை. இவர்களும் இன்னும் ஒன்றையும் நம்பவில்லை. வாய் அப்போதும் பழையபடி பெயர் சொல்லி, ஏதோ கூட்டாளியைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டது. உடம்பு மட்டும் எழுந்துவிட்டது. போதனை அதற்குப் பிறகுதான்.

"சாது, சாது, சாது" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பதினான்கு வயதில் மூன்று வாரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்த அந்த வாங்கு ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஐந்து தபசிகளால் முடியாதது என்னால் முடிந்திருக்கிறது. பெருமைப்படும் விஷயமாகத் தெரியவில்லை.

நாளையிலிருந்து வஸ் காலம். பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குவார்கள், ஊரார் அவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். இந்துத் துறவிகளின் சாதுர்மாஸ்யமும் இதே பௌர்ணமியோடுதான் தொடங்குகிறது. கங்கைக் கரையில் மழை தொடங்கும் காலம். நடந்தால் பயிரையும் புழுபூச்சியையும் மிதிக்க வேண்டிவரும் என்று வைத்த ஏற்பாடு. திருகோணமலைக்கு மாரி வர இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. மழைக்கால விரதத்துக்கு வெற்றிலை கொடுத்த கையோடு எல்லோரும் அதே வெற்றிலைத் தட்டால் விசிறிக்கொண்டார்கள். சமயம் ஊர்விட்டு ஊர் வந்தாலும் மழை கூட வருவதில்லை.

புறப்படும்போது ஒரு பாட்டி பூ வைத்துச் சொன்ன பாளிச் சுலோகம் காதில் விழுந்தது. இந்தப் பூ வாடுவதுபோல என் உடம்பும் அழியும் என்று பொருள். விபுலாநந்தரின் 'வெள்ளைநிற மல்லிகையோ' எல்லோருக்கும் பாடம். அவர் எந்தப் பூவும் வேண்டாம், உள்ளக் கமலமே போதும் என்பார். பாட்டி கொண்டுவந்ததும் வெள்ளை மல்லிகைதான். வெயிலில் அது பத்து மணிக்கே சுருண்டுவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் அதே நானாவோடு திரியாய். நிலாவெளி, குச்சவெளி தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நிலாவெளியில் வெள்ளைக்காரர்கள் புறாத்தீவுக்குப் படகு பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதம் கடல் குளம்போல கிடக்கும்.

திரியாய் மலையில் கிரிஹண்டு சைத்தியம். படி ஏற மூச்சு வாங்கியது. மேலே சின்னத் தூபி, சுற்றி வட்டமாகக் கல்தூண்கள். பாறையில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. அதில் திரபுஸகர், வல்லிகர் என்ற இரண்டு வணிகரின் பெயர் வருகிறது. பௌத்தக் கதையில் தபஸ்ஸு, பல்லுக என்பவர்கள். ஞானம் பெற்ற புத்தருக்கு முதல் உணவு, அரிசி மாவும் தேனும், கொடுத்தவர்கள். ஐவருக்குச் சொன்ன போதனைக்கு முந்திய சம்பவம் இது. சங்கம் என்று ஒன்று அப்போது பிறக்கவேயில்லை. அதனால் இவர்கள் புத்தம், தம்மம் என்று இரண்டு சரணம் மட்டுமே சொன்னார்கள். வியாபாரிகள், வழியில் நிற்க நேரமில்லை. கும்பிட எங்களுக்கு ஏதாவது தாருங்கள் என்று கேட்டு, அவர் கொடுத்த தலைமயிரை வாங்கிக்கொண்டு போனார்களாம். அது இங்கேதான் இருக்கிறதென்பது இந்த ஊர் நம்பிக்கை. பர்மாக்காரர்கள் ஷ்வேடகனில் என்பார்கள்.

இந்த வணிகர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. பாடமே கேட்காமல் குருவை ஏற்றுக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள். நான் பாடத்தைக் கேட்டுவிட்டு வாத்தியாரை விட்டவன்.

இறங்கும்போது நானாவிடம் சொன்னேன், டவுனில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் வெற்றிலை வாங்க வேண்டும் என்று. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு கதலி, ஒரு வேட்டி. கடைக்காரர் கலியாணமா என்று கேட்டார்.

கதவைத் திறந்தது சேரின் மகள். யாரென்று சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை, தெரிய நியாயமுமில்லை. "அப்பாவுக்குக் கண் கொஞ்சம் குறைவு, கிட்டப் போய்க் கதையுங்க" என்றார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். காலடியில் ஒரு வாக்கர். கிட்டப் போய், "சேர், நான்..." என்று பெயரும் வகுப்பும் வருடமும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையின் கையைப் பிடித்து எழும்பத் தொடங்கினார். "இருங்க சேர், இருங்க" என்று நான் சொல்லச் சொல்ல, மகள் "அப்பா!" என்று ஓடிவர, முழங்கால் நடுங்க எழுந்து நின்றுவிட்டார்.

"பத்தாம் பாட்டுக்காரன்" என்றார்.

காலில் விழுந்தேனா, அவர் பிடித்தாரா, வெற்றிலைத் தட்டை எங்கே வைத்தேன், எதுவும் ஒழுங்காக ஞாபகமில்லை. நானா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியும். மகள் கதிரைகளை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அண்டைக்கு ஜன்னலுக்கு அங்கால ரெண்டு ஆமிக்காரன் நிண்டவன் தம்பி. அதில ஒருத்தனுக்கு நல்லாத் தமிழ் விளங்கும். நீ ஹாமுதுரு எண்ட சொல்லைச் சத்தமாச் சொல்லிப்போட்டாய். நான் பதில் சொல்ல வெளிக்கிட்டிருந்தா ரெண்டு பேருக்கும் கரைச்சல்."

"அடுத்த நாள் சொல்லியிருக்கலாமே சேர்."

"நீ எழும்பேல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த வகுப்பின் இடாப்பில் வரவு போடுவது போலச் சொன்னார்.

பிறகு, என்னைக் கேட்காமலே, 'நிரைகழல் அரவம்' என்று தொடங்கினார். குரல் உடைந்திருந்தது, பண் உடையவில்லை. ஆறு பாட்டு வரை தடையில்லாமல் வந்தது. அடுத்ததில் நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு அன்றைக்கும் பாடமில்லை, இன்றைக்கும் பாடமில்லை. போனை எடுத்துத் தேடி, பதிகம் கிடைத்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றேன்.

"இருந்து வாசி" என்றார். "எட்டையும் ஒன்பதையும் விட்டிட்டுப் போகாதே. பத்துக்கு ஒழுங்கா வருவம்."